ஞாயிறு குரூப் ரைடு: காங்கேயம் – தாராபுரம் உள்ரோடுகளில் எத்தனை வண்டி போகலாம்?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம் நண்பர்களே. ஐப்பசி மழை காங்கேயம் பக்கம் நன்றாக இறங்கிவிட்டது. வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொரங்காடெல்லாம் கொழுக்கட்டைப்புல் தலைதூக்கி நிற்கிறது, வேலிக் கிளுவை தளிர் விட்டிருக்கிறது. நம் பக்கத்து உள்ரோடுகளில் வண்டி ஓட்ட வருடத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போகலாம் என்று இருக்கிறோம்.

தடம் இதுதான். காங்கேயத்தில் கூடி, நத்தக்காடையூர் வழியாகப் பழையகோட்டை. ஞாயிறுதோறும் அங்கே காங்கேயம் மாடுகளின் தாவணி, அதாவது சந்தை, கூடும், ஒரு அரைமணி நேரம் பார்க்கலாம். அங்கிருந்து இரண்டு பக்கமும் வேலி நிற்கிற இட்டேரி ரோடுகளில் தெற்கே இறங்கி வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம். மத்தியானத்துக்கு மேல் குண்டடம் போய், கிழக்கே திரும்பி ஊதியூர் மலையடிவாரம் வழியாக மறுபடியும் காங்கேயம். எப்படிச் சுற்றினாலும் 150 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு கூடக் கிடையாது. எழுபது வளைவு வேண்டுமென்றால் கொல்லிமலை இருக்கிறது, இருபத்தேழு போதுமென்றால் திம்பம் இருக்கிறது. இந்தச் சுற்று சமவெளிக்கானது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிறோம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் 8 வண்டி என்று வரம்பு வைத்திருக்கிறேன். பலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

ஒருவழித்தட கிராமச் சாலையில் தார் போட்ட அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர், சில இடங்களில் 3 மீட்டர்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுவோம். முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி என்றால் 28 மீட்டர். 8 வண்டி முறையாகப் போனால் வரிசை 200 மீட்டர் நீளம். 20 வண்டி போனால் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். பின்னால் அவசரமாக வருகிற பால்வண்டியோ, பிரசவத்துக்குப் போகிற காரோ அந்த வரிசையை எங்கே முந்துவது? இடைவெளியைக் குறைத்து ஒட்டி ஒட்டிப் போனால், முன்னால் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தாலே மூன்று வண்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நாற்கரச் சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறி அணிவகுப்பது நல்ல முறைதான். இங்கே ஒற்றை வரிசை தவிர வேறு வழியில்லை.

சிங்காநல்லூர் 390 (கோவை)

அண்ணா, தடம் அருமை. ஆனால் 8 என்பது ரொம்பக் குறைவு. எங்கள் குழுவிலேயே 14 பேர் தயாராக இருக்கிறோம். பாதிப் பேர் புதுசு. பெரிய வரிசையில் போகும்போதுதான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது. எங்காவது வண்டி நின்றுவிட்டால் கை கொடுக்க ஆள் இருக்கும், வழி தெரியாமல் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள். இருபது ஹெட்லைட் வரிசையாகக் கண்ணாடியில் தெரிவது ஒரு தனி சந்தோஷம். அதற்காகத்தானே வாரம் முழுவதும் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பக்கமும் காடு, ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே யாருக்கு இடைஞ்சல்?

குண்டடத்துக்காரன்

தம்பி, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு என்று நீங்கள் சொல்கிற ரோட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கெல்லாம் ஊருக்குள் வீடு கிடையாது, அவரவர் தோட்டத்தில்தான் சாளை. வேலி மறைத்திருப்பதால் உங்கள் கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு கடவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். நானும் புல்லட் வைத்திருக்கிறவன், ரைடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் இதே மாதிரி ஒரு பெரிய கூட்டம், எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாது, எங்கள் தடத்தில் வந்தார்கள். பாதி வண்டிக்குச் சைலன்ஸரை மாற்றியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா செம்மறிகளை ஒரு கொரங்காட்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு காட்டுக்கும் நடுவில் ரோட்டில் இருநூறு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் முன்னாடு வேலிக்குள் பாய்ந்தது. செம்மறி எப்படியென்று தெரியுமல்லவா, ஒன்று எங்கே போகிறதோ அங்கேதான் மீதியும் போகும். மொத்தப் பட்டியும் முள்ளுக்குள். சினையாடு ஒன்றுக்குக் கால் ஒடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அந்த ஆடுகள்தான் வங்கிக் கணக்கு. வரிசையில் ஒருத்தர் கூட நிற்கவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர் இடிப்பார் என்று பயந்திருப்பார்கள். நொய்யல்கரை சொல்கிற அரைக் கிலோமீட்டர் கணக்கு இதுதான்.

அதனால் என் யோசனை: ஆடு மாடு எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் எல்லோரும் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மேய்ப்பவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், இரண்டு நிமிடம் ஆகாது. காளையைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்எல்லில் வருகிற பெரியவர்களைப் பார்த்தாலும் இதே மாதிரிதான். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் ஹேண்டில்பார். மாடு மிரண்டால் மனிதரையும் சேர்த்து இழுத்துவிடும்.

வேகத்தடை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிறைய வேகத்தடை ஊர்க்காரர்களே போட்டது. வெள்ளைக் கோடு இருக்காது, பலகை இருக்காது. அந்த இடத்தில் யாரோ அடிபட்டிருப்பார்கள், அதற்கப்புறம் ஊரே சேர்ந்து போட்டிருக்கும். பள்ளிக்கூடம், கோவில், நாலு வீடு, எது தெரிந்தாலும் மேடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, இப்போது ரோட்டில் எதுவும் காயவில்லை. தை பிறந்தால் பாதி ரோட்டில் மக்காச்சோளம் கொட்டிக் கிடக்கும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். இரவில் அது கண்ணுக்கே தெரியாது.

மூலனூர் முருங்கை

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கூடுதலாக ஒன்று: மூலனூர் பக்கம் உள்ரோடுகளில் மழைக்கு ஓரம் அரித்துத் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. எதிரே டெம்போ வந்தால் தாரிலேயே நின்றுவிடுங்கள், மண்ணில் இறக்கி ஏற்றப் பார்க்காதீர்கள். டெம்போக்காரர் இறக்கிக்கொள்வார், அவருக்கு நான்கு சக்கரம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

நானும் வருகிறேன், கிளாசிக் 350. எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள், வரிசையைப் பற்றியும் பேசுங்கள். நான் போன எல்லாக் குழுவிலும் பெண்களை, புதியவர்களைக் கடைசிக்கு முந்தின இடத்தில் தள்ளிவிடுவார்கள். பாதுகாப்பு என்று சொல்வார்கள். நடப்பது வேறு. முன்வண்டி 50-இல் போனால் வரிசையின் வாலில் இருப்பவர் விட்ட இடைவெளியைப் பிடிக்க 70-இல் விரட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இது நடக்கும். அனுபவம் குறைந்தவரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தால் அவர் நாள் முழுக்கத் தன் சக்திக்கு மீறித்தான் ஓட்டுவார். மெதுவாகப் போகிறவர் முன்வண்டிக்கு அடுத்து வரட்டும். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை. கழிப்பறை. ஆண்கள் வேலியோரம் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறீர்கள். காங்கேயம் விட்டால் எங்களுக்கு வெள்ளகோவில் பங்க், அதை விட்டால் தாராபுரம்தான். காலையில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டித் தலைவலியோடு வீடு திரும்பிய தோழிகள் எனக்கு உண்டு. நிற்கும் இடங்களை டீக்கடையை வைத்து முடிவு செய்யாமல் கழிப்பறையை வைத்து முடிவு செய்யுங்கள். டீ எங்கேயும் கிடைக்கும்.

நொய்யல்கரை

அக்கா, இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளகோவில் பங்க், தாராபுரம் இரண்டும் கட்டாய நிறுத்தம். மெதுவானவர் இரண்டாவது இடத்தில்.

சிங்காநல்லூர் தம்பி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வழி தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள் என்பது நியாயமான பயம். இட்டேரியில் எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வெள்வேல மரம், மூன்றாகப் பிரிகிற தார் ரோடு, பெயர்ப்பலகை கிடையாது. மொபைல் மேப்பை நம்பினால் பல நேரம் யாரோ ஒருவர் தோட்டத்துப் படலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குக் கூட்டமாகப் போவது தீர்வல்ல, திருப்பத்தில் ஆள் நிறுத்துவதுதான் தீர்வு. தெரியாதவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன்.

முன்வண்டியும் வால்வண்டியும் நாள் முழுக்க மாறாது. திருப்பம் வந்ததும் முன்வண்டிக்காரர் இடது கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்கு நேர் பின்னால் வருகிறவர் அங்கேயே நிற்க வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி, ஆனால் யார் தடத்தையும் மறிக்காமல், இண்டிகேட்டரைப் போகிற பக்கம் போட்டுவிட்டு நிற்பார். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள். வால்வண்டி வந்து தலையசைத்ததும் அவர் கிளம்பி அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அடுத்த ஆள். இப்படிப் போனால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விழுந்தாலும் யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் யாரையும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. தனியாக ஓட்டுகிற நிம்மதியும் கிடைக்கும், பின்னால் ஆள் இருக்கிற தைரியமும் இருக்கும்.

மெதுவானவரை இரண்டாவது இடத்தில் வைத்தால் முதல் திருப்பத்தில் அவர்தானே நிற்க நேரும் என்று கேட்பீர்கள். அவருக்கு மட்டும் விலக்கு, மூன்றாவது ஆள் நிற்பார். கிளம்பும் முன் சொல்லிவிட்டால் போதும்.

ஒரே நிபந்தனை: வால்வண்டி வரும்வரை நின்றவர் நகரக் கூடாது. வெயிலடித்தாலும், மழை பெய்தாலும், வயிறு பசித்தாலும். ஒருவர் பொறுமையிழந்து கிளம்பிவிட்டால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தாராபுரத்துக்குப் பதில் கரூர் ரோட்டில் போய் ஏறுவார்கள். 20 பேர் இருந்தால் நிற்கிற ஆளுக்கு நேரம் இழுத்துக்கொண்டே போகும், பொறுமை உடையும். 8 பேர் என்றால் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நான் எண்ணிக்கையில் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஆர்எக்ஸ் (தாராபுரம்)

மெக்கானிக் என்ற முறையில் நாலு வார்த்தை. உள்ரோட்டில் முதல் எதிரி முள். மழைக்கு முன்னால் வேலி வெட்டியிருப்பார்கள், சீமைக்கருவேல முள் மண்ணோடு அடித்து ரோட்டுக்கு வந்திருக்கும். ஸ்போக் வீலில் பெரும்பாலும் ட்யூப்தான் இருக்கும், அவர்கள் வீட்டிலிருந்து ஒரு ட்யூப் கட்டாயம் எடுத்து வரவும். முன்சக்கர அளவு ட்யூப் ஒன்று கொண்டுவந்தால் அவசரத்துக்குப் பின்னாலும் போட்டு ஊர் வந்து சேரலாம். ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் குச்சிப் பெட்டியும் கைப்பம்பும் போதும். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்பி வராதீர்கள், கடைக்காரர் வீட்டில் காதுகுத்து இருக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மாதம் பிரச்சினை இல்லை. ஆனால் இதே தடத்தை ஆனி, ஆடியில் ஓட்ட நினைத்தால் யோசிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற மேல்காற்று பல்லடம், குண்டடம், தாராபுரம் என்று நேராக அடிக்கும். காற்றாலைகளை அதற்காகத்தானே இங்கே நட்டிருக்கிறார்கள். வடக்கே தெற்கே போகிற ரோட்டில் பக்கவாட்டில் தள்ளும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் ஒரு நொடி காற்று நின்று, வெளியே வந்ததும் மறுபடி அறையும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்துங்கள். அந்த மாதங்களில் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

சென்னிமலை வாத்தியார்

பழையகோட்டை வரை வருகிறவர்கள் அப்படியே வடக்கே ஏறி நொய்யல் வடகரையில் கொடுமணலைப் பார்க்கலாமே. சங்கப் பாடல் சொல்கிற கொடுமணம் அதுதான். மணிக்கல் பட்டை தீட்டியதும் இரும்பு உருக்கியதும் அகழாய்வில் வெளிவந்த இடம். பெருங்கற்காலக் கல்வட்டங்களை இன்றும் காட்டில் பார்க்கலாம்.

நொய்யல்கரை

ஐயா, ஆசைதான். ஆனால் இந்தச் சுற்று தெற்குப் பக்கம். கொடுமணலையும் ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபத்தையும் சேர்த்து மார்கழியில் ஒரு சுற்று தனியாகப் போடுவோம். நீங்களே முன்னால் வர வேண்டும்.

சிங்காநல்லூர் 390

குண்டடத்து அண்ணா, அந்த ஆட்டு விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினேன். சைலன்ஸர் மாற்றிய வண்டிகள் வராது, அதற்கு நான் பொறுப்பு.

ஆனாலும் 14 பேரையும் விட்டுவிட்டு வர மனம் இல்லை. புதியவர்களை நல்ல ரோட்டுக்கு நாம் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர்கள் அவினாசி ரோட்டில் இரவில் ரேஸ் விடக் கற்றுக்கொள்வார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழேழு பேராகப் பிரிந்து இருபது நிமிட இடைவெளியில் வந்தால் ஒத்துக்கொள்வீர்களா? அல்லது ஒரு குழு எதிர்த்திசையில் சுற்றட்டும்.

நொய்யல்கரை

எதிர்த்திசை வேண்டாம். 3.75 மீட்டர் ரோட்டில் இரண்டு குழுவும் ஒரு வளைவில் முகத்துக்கு முகம் சந்திக்கும். இருபது நிமிட இடைவெளியும் பழையகோட்டையில் கரைந்துபோகும், கடைசியில் 22 வண்டியும் ஒன்றாகத்தான் நிற்கும். அந்த ஊருக்கு அது பாரம்.

வேறொன்று செய்யலாம். நீங்கள் கோவையிலிருந்து காங்கேயம் வருவதே சுற்று. உடுமலைக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து மடத்துக்குளம், கணியூர், காரத்தொழுவு, அலங்கியம் என்று அமராவதிக் கரையோரமாகவே தாராபுரம் வரலாம். எங்கள் பக்கம் கொரங்காடும் பனையும் என்றால் உங்கள் பக்கம் நெல்லும் தென்னையும். அந்த ரோடு தெரிந்த ஆள் இருந்தால் ஏழேழு பேராக இரண்டு குழுவாக வாருங்கள். தாராபுரத்தில் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்வோம்.

கடத்தூர் வாய்க்கால்

எனக்குத் தெரியும், ஒரு குழுவுக்கு நான் முன்னால் வருகிறேன், இன்னொன்றுக்கு என் மாமா பையன் வருவான். ஒரு எச்சரிக்கை: இப்போது நடவு வேலை நடக்கிறது. கேஜ்வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடமெல்லாம் ரோட்டில் சேறு அப்பிக் கிடக்கும். காய்ந்தால் ஒன்றும் ஆகாது, பனியில் ஈரமாக இருந்தால் சோப்புக் கட்டி மேல் ஓட்டுகிற மாதிரி. சேற்றைப் பார்த்தபிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராக உருட்டிப் போய்விடுங்கள். கடத்தூர் அர்ஜுனேஸ்வரர் கோவிலில் கால் மணி நேரம் நிற்கலாம், ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

ஸ்ப்ளெண்டர் சாமி (ஊத்துக்குளி)

அண்ணா, என்னிடம் ஸ்ப்ளெண்டர்தான் இருக்கிறது. ரைடிங் ஜாக்கெட்டும் இல்லை. வரலாமா?

நொய்யல்கரை

தாராளமாக வா தம்பி. இந்த ரோட்டில் 50-க்கு மேல் யாரும் போகப்போவதில்லை, உன் வண்டிக்கு அது அல்வா. முழுமுக ஹெல்மெட், ஷூ, தடித்த முழுக்கை சட்டை, கையுறை. இவ்வளவு இருந்தால் போதும். செருப்பு மட்டும் வேண்டாம்.

பெருந்துறை நர்ஸ்

யாரும் அபசகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஞாயிறு மத்தியானம் நான் பார்க்கிற இளைஞர்களில் நிறையப் பேரை நண்பர்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்து. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால் அந்தப் பயணமே கையையும் காலையும் வாங்கிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். இட்டேரியில் நின்றுகொண்டு இடத்தை எப்படிச் சொல்வது? கடைசியாகத் தாண்டிய ஊர்ப் பெயர், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கிற எண், அருகில் தோட்டம் இருந்தால் அவர்களையே பேசச் சொல்லுங்கள். ஒருவர் பிரதான ரோடு வரை போய் வண்டியைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

விழுந்தவர் மயக்கமாக இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். முகக்கண்ணாடியைத் தூக்கி மூச்சு வருகிறதா என்று பாருங்கள். மூச்சுக்குத் தடையாக இருந்தால் மட்டும் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க இன்னொருவர் மெதுவாக எடுக்கலாம். ரத்தம் கொட்டுகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

பணத்துக்குப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம். நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் வரம்புக்குள் இலவச சிகிச்சை உண்டு, எந்த ஊர்க்காரராக இருந்தாலும். உதவி செய்கிறவருக்கு வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். போன் பூட்டியிருந்தால் எங்களால் யாரையும் கூப்பிட முடிவதில்லை.

நொய்யல்கரை

மிக்க நன்றி சகோதரி. சீட்டு இல்லாமல் வந்தால் காங்கேயத்திலேயே எழுதவைத்துத்தான் கிளம்புவோம்.

சரி, முடிவு இது. காங்கேயம் குழு 8 வண்டி: நான் முன்னால், பழைய ஆர்எக்ஸ் அண்ணன் வாலில், மஞ்சள்மண்டி அக்கா நடுவில் திருப்பம் பார்ப்பவர்களை மாற்றிவிடுவார். ஊத்துக்குளித் தம்பி எனக்கு அடுத்து. மீதி நான்கு இடம் முதலில் கேட்டவர்களுக்கு. அமராவதிக் குழுக்கள் இரண்டு, ஏழேழு, கடத்தூர்க்காரர்கள் முன்னால், வாலுக்குச் சிங்காநல்லூர் தம்பி ஆள் சொல்ல வேண்டும். காலை 6 மணிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்து நிற்க வேண்டும், கூடிய பிறகு பங்கைத் தேடக் கூடாது. பழையகோட்டையில் தாவணிக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போவோம். மாடு பிடித்திருப்பவரிடம் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், பின்பக்கம் நிற்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று குழுவும் ஒன்றாகக் கிளம்பக் கூடாது. கோவைக்காரர்கள் பல்லடம் பெரிய ரோட்டில் வீட்டுக்கு, நாங்கள் குண்டடம் ஊதியூர். இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில்.

சிங்காநல்லூர் 390

சம்மதம் அண்ணா. இரண்டு வாலுக்கும் ஆள் இருக்கிறது. சனிக்கிழமை பொழுதோடு எல்லோரையும் வரவழைத்துத் திருப்பத்தில் நிற்கிற முறையை எங்கள் பக்கத்து மைதானத்திலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டிவிடுகிறேன்.

குண்டடத்துக்காரன்

எங்கள் தடத்தில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு ஆட்டை மாற்ற வேண்டாம் என்று பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் சொல்லிவைக்கிறேன். தெலுவு, அதாவது பதநீர், இப்போது கிடைக்காது, எளநீர் வெட்டிவைக்கிறேன். 8 பேருக்குத்தான், கணக்கு மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நொய்யல்கரை

மூன்று, மூன்றரைக்கு வந்துவிடுவோம் அண்ணா. கணக்கு மாறாது.